"நிறுத்திட்டேன் சார்"னு ஒருத்தன் வந்து சொல்றப்ப உங்க முகம் எப்படி மாறுது? கம்பெனி நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

எம்.டி, பிளான்ட் ஹெட், ஜி.எம், ப்ராஜெக்ட் மேனேஜர்னு பெரிய பொறுப்புல இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

நான் 22 வருஷமா பிளான்ட்லயே இருக்கறவன். மெயின்டனன்ஸ் ஃபிட்டரா உள்ள வந்தேன், இப்ப ஷிஃப்ட் இன்சார்ஜ், நடுவுல மூணு கம்பெனி மாறியாச்சு. எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன், ஏன்னா வேலை இடத்து பாதுகாப்பு பத்தி, ஆபத்துன்னு பட்டா வேலைய நிறுத்தறத பத்தி நான் சொல்லப்போறது எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். உங்கள்ல முக்காவாசி பேரு நல்ல மனசுக்காரங்க, யாருக்கும் அடிபடணும்னு நினைக்கறவங்க இல்லன்னு எனக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் எழுதறேன், கெட்டவங்கன்னு நெனச்சிருந்தா எழுதி என்ன பிரயோஜனம்னு விட்டிருப்பேன்.

முதல்ல என் கதையை சொல்லிடறேன், அது மனசுல ரொம்ப வருஷமா கெடக்கு.

எங்க லைன்ல ஒரு மெஷின், அடிக்கடி ஜாம் ஆகும். கதவை திறந்தா லிமிட் ஸ்விட்ச் கட் பண்ணி மெஷின் நின்னுடணும், அதுதான் அதோட பாதுகாப்பு. திறந்து, ஜாம் எடுத்து, மூடி, ரீசெட் பண்ணி, திரும்ப ஸ்பீடு ஏத்தறதுக்கு ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷம் போயிடும். ஒரு ஷிஃப்ட்ல பதினஞ்சு இருபது தடவை ஜாம் ஆனா டார்கெட் எங்க வரும்? யாரோ ஒருத்தர் அந்த ஸ்விட்ச்சுக்கு ஒரு ஜம்பர் வயரை போட்டுட்டாங்க. கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும். எனக்கு தெரியும். மெயின்டனன்ஸுக்கு தெரியும். அடுத்த ஷிஃப்ட்டுக்கும் தெரியும். பிளான்ட் ஹெட் ரவுண்ட்ஸ் வந்தப்ப கதவு திறந்தபடியே மெஷின் ஓடிட்டு இருந்துச்சு, அவரு பக்கத்துல நின்னு ஒரு பார்வை பாத்தாரு, அப்புறம் என்கிட்ட திரும்பி "இந்த ஷிஃப்ட்ல எவ்வளவு வந்துச்சு?"ன்னு கேட்டாரு. நான் நம்பர் சொன்னேன். "குட்"னு சொல்லிட்டு போயிட்டாரு.

அன்னைக்கு அந்த வயருக்கு அனுமதி கெடைச்சாச்சு சார். எந்த பேப்பர்லயும் அவரு கையெழுத்து இல்ல, ஆனா அங்க நின்ன எட்டு பேருக்கும் புரிஞ்சுடுச்சு.

ஆறு வாரம் கழிச்சு நைட் ஷிஃப்ட்ல ஒரு பையனுக்கு ரெண்டு விரல் போச்சு. வேலைக்கு சேந்து நாலு மாசம்கூட ஆகல. விசாரணை நடந்துச்சு, வயரை போட்டது யாருன்னு எங்களை ரெண்டு நாள் மாத்தி மாத்தி கேட்டாங்க, ஆறு வாரமா அதை பாத்துட்டு இருந்தது யார் யாருன்னு ஒருத்தரும் கேக்கல. ரிப்போர்ட்ல காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. தீர்வு: மறுபயிற்சி. கீழ என் கையெழுத்தும் இருக்கு. நான் போட்டேன். போடாம இருந்திருக்கலாம், ஆனா போட்டேன், அந்த பையன் கிட்ட பின்னாடி போயி மன்னிப்பு கேட்டேன், அவன் "விடுங்கண்ணே"ன்னு சொன்னான், அது இன்னும் வலிக்குது.

இதுல தப்பு என் மேலயும் இருக்கு, அதை மறைக்கல. ஆனா அந்த ஷிஃப்ட்ல நான் ஏன் வயரை புடுங்கலன்னு யோசிச்சா ஒரே பதில்தான் வருது. புடுங்கினா டார்கெட் குறையும், குறைஞ்சா காலைல மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் நான் நிக்கணும். வயரு அப்படியே இருந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. ஒரு பக்கம் கண்டிப்பா வரப்போற திட்டு, இன்னொரு பக்கம் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்னு இருக்கற ஆபத்து. மனுஷன் எதை தேர்ந்தெடுப்பான்? இந்த தராசை கட்டி வெச்சது நாங்க இல்ல, நீங்க.

சேஃப்டி கல்ச்சர்னு இப்ப எல்லாரும் பேசறோம். அந்த வார்த்தையே 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்கு அப்புறம், அதை ஆராய்ஞ்ச சர்வதேச நிபுணர் குழு அறிக்கையில இருந்துதான் பரவலா புழக்கத்துக்கு வந்துச்சு. அத்தனை பெரிய விபத்தையும் ஒரு மெஷின் கோளாறு, ஒரு ஆபரேட்டர் தப்புன்னு மட்டும் முடிச்சுட முடியல, அந்த இடம் எப்படி யோசிச்சுது, மேல இருந்தவங்க எதுக்கு முதலிடம் குடுத்தாங்கன்னு பாக்க வேண்டியிருந்துச்சு. நாங்க தளத்துல நிக்கறவங்க இதை வேற மாதிரி சொல்வோம்: பாஸ் காலைல முதல்ல என்ன கேக்கறாரு, கெட்ட செய்தி வந்தா அவரு முகம் எப்படி மாறுது, அவ்வளவுதான் கல்ச்சர். சுவத்துல ஒட்டின போஸ்டரை நாங்க படிக்கறது இல்ல, உங்க முகத்தை படிக்கறோம். தினமும் படிக்கறோம்.

1987ல அல்கோவாங்கற அமெரிக்க அலுமினிய கம்பெனிக்கு பால் ஓ'நீல்னு ஒருத்தர் தலைமைக்கு வந்தாரு. முதலீட்டாளருங்க முன்னாடி முதல் தடவை பேசறப்ப லாபம், மார்க்கெட் எல்லாத்தையும் விட்டுட்டு தொழிலாளர் பாதுகாப்புதான் முதல்னு பேசினாரு, அந்த ஹால்ல ஆபத்துன்னா வெளிய போற வழி எங்க இருக்குன்னுகூட காட்டினாரு. கேட்டவங்க சில பேரு இவருக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சாங்க. கொஞ்ச மாசத்துல ஒரு பிளான்ட்ல புதுசா சேந்த இளைஞன் ஜாம் எடுக்க தடுப்பை தாண்டி மெஷினுக்குள்ள போய் அடிபட்டு செத்துட்டான். (என் கதை ஞாபகம் வருதா சார், அதே ஜாம், அதே அவசரம்.) ஓ'நீல் மேனேஜருங்களை எல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சு, இவனை நாமதான் கொன்னோம், இது என் தலைமையோட தோல்வின்னு சொன்னாரு. அந்த பையன் தடுப்பை தாண்டினது விதிமீறல்தான், கவனக்குறைவுன்னு எழுதி ஃபைலை மூடியிருக்கலாம். அவரு மூடல. தாண்டறது அங்க சகஜமா இருந்தத பாத்துட்டு சும்மா இருந்தது யாருன்னு கேட்டாரு.

அப்புறம் தொழிலாளிங்களுக்கே தன் வீட்டு போன் நம்பரை குடுத்தாரு, மேனேஜரு கேக்கலன்னா எனக்கு நேரா கூப்பிடுங்கன்னு. 1996ல மெக்சிகோவுல ஒரு பிளான்ட்ல வாயு கசிஞ்சு ஆளுங்களுக்கு உடம்பு முடியாம போனத தலைமை ஆபீஸுக்கு சொல்லாம விட்ட மூத்த அதிகாரி ஒருத்தரை வேலைய விட்டே எடுத்தாரு, அந்த ஆளு பிசினஸ்ல நல்ல நம்பர் காட்டினவரு. இது ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கறேன். விபத்து நடந்ததுக்காக எடுக்கல, மறைச்சதுக்காக எடுத்தாரு. அவரு வந்தப்ப 100 பேருக்கு 1.86னு இருந்த வேலைநாள் இழப்பு விகிதம் அவரு போறப்ப 0.2க்கு வந்துச்சு, கம்பெனி லாபமும் பல மடங்கு ஏறுச்சு. லாபம் ஏறினதை ஏன் சொல்றேன்னா, பாதுகாப்பு பாத்தா புரொடக்‌ஷன் போயிடும்னு எங்ககிட்ட சொல்றவங்க இன்னும் இருக்காங்க.

இப்ப இதுக்கு நேர் எதிர் கதை. 1988 ஜூலை 6, வட கடல்ல பைப்பர் ஆல்ஃபாங்கற எண்ணெய் மேடை. பர்மிட்ல, அதாவது ஆபத்தான வேலைய ஆரம்பிக்க குடுக்கற அனுமதி சீட்டுல, கையெழுத்து போடற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சு வெச்சிருக்க வேண்டிய ராத்திரி அது. ஒரு பம்ப்பை வேலைக்காக நிறுத்தியிருந்தாங்க, அதோட சேஃப்டி வால்வை பகல் ஷிஃப்ட்ல கழட்டிட்டாங்க, வேலை முடியாததால அந்த இடத்துல ஒரு மூடி மட்டும் போட்டு வெச்சாங்க. பம்ப்புக்கு ஒரு பர்மிட், வால்வுக்கு வேற பர்மிட். ராத்திரி இன்னொரு பம்ப் டிரிப் ஆகி தானா நின்னப்ப, நைட் ஷிஃப்ட்டுக்கு வால்வு கழட்டினது தெரியல, வேலைக்காக நிறுத்தி வெச்சிருந்த அந்த முதல் பம்ப்பை ஸ்டார்ட் பண்ணாங்க. கேஸ் கசிஞ்சு வெடிச்சுது. தீயணைக்கற தண்ணி பம்ப்பெல்லாம் மேனுவல்ல கெடந்துச்சு, டைவருங்க கடலுக்குள்ள வேலை பாத்ததால அப்படி வெச்சிருந்தாங்க, அதனால தானா ஸ்டார்ட் ஆகல.

ஷிஃப்ட் ஹேண்ட்ஓவர் (ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்ட்டுக்கு நிலவரம் சொல்லி ஒப்படைக்கறது), பர்மிட்னு இதுவரைக்கும் எல்லா டிரெய்னிங்லயும் சொல்லுவாங்க. என்னை தூங்க விடாதது அடுத்து நடந்ததுதான். பைப்பரோட குழாயில இணைஞ்ச டார்டன், கிளேமோர்னு வேற ரெண்டு மேடை இருந்துச்சு. பைப்பர்ல நெருப்புன்னு அவங்களுக்கு தெரியும். தெரிஞ்சும் எண்ணெய் அனுப்பறத உடனே நிறுத்தல. நிறுத்தணும்னா கரையில இருக்கற ஆபீஸ்ல பேசணும், நிறுத்தினா திரும்ப ஆரம்பிக்க எவ்வளவு செலவு, அப்புறம் யாருக்கு பதில் சொல்றதுங்கற தயக்கம். அந்த பக்கத்துல இருந்து வர்ற அழுத்தத்துல இங்க நெருப்புக்கு எண்ணெய் ஊட்டிட்டே இருந்துச்சு. 167 பேரு செத்தாங்க.

அந்த மேடை மேனேஜருங்க கல்நெஞ்சக்காரங்கன்னு நான் நம்பல. அவங்களும் என்னை மாதிரி ஒரு தராசுல எடை போட்டிருப்பாங்க. பக்கத்துல எரியறத பாத்துக்கிட்டே ஒருத்தனுக்கு வால்வை மூட கை வரலன்னா, அதுக்கு முன்னாடி எத்தனை வருஷம் எதையும் மேல கேட்டுத்தான் செய்யணும்னு அவன் பழக்கப்படுத்தப்பட்டிருப்பான்னு யோசிங்க. விசாரணை பண்ணின கல்லன் பிரபு 1990ல 106 பரிந்துரை குடுத்தாரு, கடல் மேடைங்களோட சட்டமே மாறுச்சு. என் மனசுல நிக்கறது ஒண்ணுதான்: நிறுத்தற அதிகாரம் ஸ்பாட்ல நிக்கறவன் கையில இருக்கணும், நிறுத்தினதுக்கு அப்புறம் யாரும் அவனை குத்தி காட்டக்கூடாது. "எல்லாருக்கும் ஸ்டாப் ஒர்க் அதிகாரம் உண்டு"ன்னு கார்டு அடிச்சு குடுக்கறீங்க, நல்லது. போன வருஷம் அதை எத்தனை பேரு பயன்படுத்தினாங்க? ஒருத்தரும் இல்லன்னா உங்க பிளான்ட் அவ்வளவு பாதுகாப்பா இருக்குன்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க.

எண்ணிக்கை பத்தியும் பேசணும். கேட்ல போர்டு இருக்கும், "விபத்தில்லா நாட்கள்"னு நம்பரோட. 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடாவுல டீப்வாட்டர் ஹொரைசன்ங்கற எண்ணெய் கிணறு தோண்டற ரிக் வெடிச்ச அன்னைக்கு, கம்பெனி மேலதிகாரிங்க அந்த ரிக்லயே இருந்தாங்க. ஏழு வருஷமா வேலைநாள் இழக்கற அளவுக்கு ஒரு விபத்தும் இல்லன்னு பாராட்டறதும் அவங்க வந்த காரணங்கள்ல ஒண்ணு. அதே நாள் கிணத்துல பிரஷர் டெஸ்ட் வித்தியாசமான ரீடிங் காட்டுச்சு, அதுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டு வேலைய தொடர்ந்தாங்க. ராத்திரி 11 பேரு போயிட்டாங்க. இதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, 2005 மார்ச்ல, டெக்சாஸ் சிட்டி ரிஃபைனரியில 15 பேரு செத்தாங்க, அதை ஆராய்ஞ்ச குழு 2007ல சொன்னதும் இதுதான்: சறுக்கி விழுறது, கையில வெட்டுப்படறது மாதிரி தனிப்பட்ட காயங்களோட கணக்கு குறைஞ்சதை பாத்து மொத்த பிளான்ட்டும் பாதுகாப்பா இருக்குன்னு நம்பிட்டாங்க. ரெண்டும் வேற வேற. படிக்கட்டுல கைப்பிடியை புடிச்சு நடக்கறவங்க எண்ணிக்கையை வெச்சு வெசல்ங்கற பெரிய கலத்துக்குள்ள திரவ லெவல் என்னன்னு தெரிஞ்சுக்க முடியாது.

அந்த போர்டு இன்னொரு வேலையும் பண்ணுது, அதை நான் கண்ணால பாத்தேன். 300 நாளை தாண்டினா எல்லாருக்கும் பரிசுன்னு சொன்னாங்க. 280 நாள் வாக்குல ஒரு வெல்டருக்கு கால்ல அடி, சரியா நடக்கக்கூட முடியல. அவரை வீட்டுக்கு அனுப்பாம ஆபீஸ் ரூம்ல ஒரு சேர்ல உக்கார வெச்சு அட்டெண்டன்ஸ் போட்டாங்க, வேலைநாள் இழப்பு ஆகக்கூடாதுன்னு. அவரே "என்னால மத்தவங்க பரிசு போக வேணாம்"னு ஒத்துக்கிட்டாரு. அடிபட்ட மனுஷனை குற்ற உணர்ச்சி பட வெக்கற பரிசு எதுக்கு சார்? அதை நிறுத்துங்க. வேணும்னா நியர் மிஸ், அதாவது மயிரிழையில தப்பின விபத்தை, சொன்னவனுக்கு குடுங்க, சொன்னதை சரி பண்ணின டீமுக்கு குடுங்க.

நியர் மிஸ் பத்தி சின்னதா. எழுதுங்க எழுதுங்கன்னு பெட்டி வெக்கறீங்க, எழுதினவனை சூப்பர்வைசர் "எனக்கு ஏன்டா வேலை வெக்கற"ன்னு கேக்கறாரு, எழுதினது மூணு மாசமா அப்படியே கெடக்கு, நாலாவது மாசம் அவன் எழுத மாட்டான். இதுக்கு மேல விளக்க ஒண்ணும் இல்ல.

நல்லதையும் சொல்லணும், இல்லன்னா இந்த மடல் ஒரு பக்கமா போயிடும். ரெண்டாவது கம்பெனியில எங்களுக்கு ஒரு ஜி.எம் இருந்தாங்க, பேரு வேணாம். ஷட்டவுன் நேரம் (பிளான்ட்டை நிறுத்தி பராமரிப்பு பாக்கற நேரம்), ராத்திரி ரெண்டு மணி, டேங்க் உள்ள இறங்கற வேலை. கேஸ் டெஸ்ட் எடுத்தப்ப ரீடிங் ஒரு தடவை ஒரு மாதிரி, அடுத்த தடவை வேற மாதிரி. மீட்டர் கோளாறா, நெஜமான கேஸான்னு தெரியல. காலைக்குள்ள முடிக்கணும்னு கெடு. நான் ஆளை வெளிய எடுத்துட்டு பர்மிட்டை கேன்சல் பண்ணிட்டு, கை நடுங்க அவங்களுக்கு போன் பண்ணி "நிறுத்திட்டேன் மேடம்"னு சொன்னேன். ரெண்டு செகண்டு சத்தமே இல்ல. அப்புறம் "ஆளுங்க எல்லாரும் வெளிய இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். "சரி, நல்ல வேலை பண்ணீங்க, நான் வர்றேன்"னாங்க. வந்தாங்க, அந்த நேரத்துல. வேற மீட்டர் வரவழைச்சு பாத்ததுல முதல் மீட்டர்தான் கோளாறுன்னு தெரிஞ்சுது, உள்ள ஒண்ணும் இல்ல. ஆக நான் நிறுத்தினது "வீண்". ஏழு மணிநேரம் லேட்.

காலை மீட்டிங்ல அவங்க முதல்ல பேசினது அதைத்தான். சந்தேகம் வந்தப்ப நிறுத்தினாரு, அது சரி, மீட்டர் காலிபரேஷன் ஏன் தவறுச்சுன்னு இப்ப பாப்போம், ஷெட்யூலை நான் மேல பேசிக்கறேன்னு சொன்னாங்க. என்னை காப்பாத்த அவங்க மேலிடத்துல என்ன கேட்டுக்கிட்டாங்கன்னு எனக்கு தெரியாது. ஆனா அதுக்கப்புறம் அந்த பிளான்ட்ல பசங்க சின்ன சத்தம் கேட்டாகூட வந்து சொன்னாங்க. எந்த டிரெய்னிங்கும் பண்ணாததை அந்த ஒரு போன் கால் பண்ணிடுச்சு. ஒண்ணை கவனிங்க, நான் சரியா இருந்தப்ப பாராட்டறது சுலபம், என் சந்தேகம் தப்புன்னு தெரிஞ்ச அப்புறமும் பாராட்டினாங்க. அதுதான் எல்லாருக்கும் தைரியம் குடுத்துச்சு.

பணம், ஆளு, நேரம் இதெல்லாம் உங்க கையில இருக்கு, சேஃப்டி ஆபீசர் கையில இல்ல. ஆபத்தை குறைக்கற வழிகளுக்கு ஒரு வரிசை உண்டு, உங்க எல்லாருக்கும் தெரியும்: முதல்ல ஆபத்தையே இல்லாம பண்ணு, முடியலன்னா ஆபத்து குறைஞ்ச ஒண்ணா மாத்து, அப்புறம் கார்டு (மெஷினை மறைக்கற தடுப்பு), இன்டர்லாக் (கதவை திறந்தா மெஷினை நிறுத்தற அமைப்பு) மாதிரி இன்ஜினியரிங் வேலை, அப்புறம் விதிமுறை, பயிற்சி, கடைசிலதான் ஹெல்மெட்டும் கிளவுஸும். மேல இருக்கற மூணுக்கும் உங்க கையெழுத்து வேணும், பட்ஜெட் வேணும். கீழ இருக்கற ரெண்டுதான் எங்ககிட்ட வருது. எங்க மெஷின் ஏன் ஜாம் ஆகுதுன்னு கேட்டு அந்த ஃபீடரை (மெஷினுக்குள்ள சரக்கை தள்ளற பாகம்) மாத்தியிருந்தா யாரும் வயரே போட்டிருக்க மாட்டாங்க. விரல் போன அப்புறம் மாத்தினாங்க. மூணு நாள் வேலை, அவ்வளவுதான்.

கான்ட்ராக்ட் ஆளுங்களையும் சேத்துக்கோங்க. ரொம்ப ஆபத்தான வேலை அவங்ககிட்டதான் போகுது, உயரத்துல ஏறறது, டேங்க் கழுவறது, எல்லாம். ஆனா அவங்க விபத்து வேற கணக்குல போகுது, நாளைக்கு வேலை இருக்குமான்னே தெரியாதவன் எப்படி "நிறுத்துங்க"ன்னு சொல்லுவான்? உங்க கேட்டுக்குள்ள வந்தவன் உங்க ஆளுதான்.

அப்புறம் மெதுவா கொல்றது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணக்குப்படி வருஷத்துக்கு கிட்டத்தட்ட 30 லட்சம் பேரு வேலை சம்பந்தமான காரணத்தால சாகறாங்க, அதுல 26 லட்சம் போல வியாதியால, விபத்து 3.3 லட்சம். தூசி, ரசாயனம், ஓயாத நீண்ட வேலை நேரம். இந்த சாவு உங்க போர்டுல வராது, ரிட்டயர் ஆகி வீட்டுல நடக்கும். சத்தமா இருக்கற ஷெட்ல பக்கத்துல வந்து கத்தி பேசி சமாளிச்சுட்டு போறவங்க, ஒரு மணிநேரம் அங்கயே நின்னு பாருங்க, தூசியையும் சேத்து.

கடைசியா நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. நாளைக்கு காலை மீட்டிங்ல புரொடக்‌ஷன் நம்பருக்கு முன்னாடி "நேத்து யாராவது வேலைய நிறுத்தினாங்களா, ஏன்?"னு கேளுங்க. முதல் வாரம் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க, பழக்கம் இல்ல, ஏதோ பொறி வெக்கறாருன்னு நெனப்பாங்க. விடாம கேளுங்க. ஒரு நாள் யாரோ ஒருத்தர், பெரும்பாலும் ரொம்ப தயங்கி, "ஆமா சார், நான் நிறுத்தினேன்"னு சொல்லுவாரு. அந்த ரெண்டு செகண்டுல ரூம்ல இருக்கற அத்தனை பேரும் உங்க முகத்தை பாப்பாங்க. "எவ்வளவு லாஸ்?"னு அப்ப கேட்டுடாதீங்க சார். "ஆளுங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?"ன்னு கேளுங்க.

இப்படிக்கு,
ஒரு ஷிஃப்ட் இன்சார்ஜ்